மார்புத் தோலில் சிவப்பு: உடம்பு போராடுகிறது என்று அர்த்தமா?

#1 மகிழ்மலர் | மார்ச் 2, இரவு 10:15

வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. நான்கு வருடத்துக்கு முன் இடது மார்பகத்தை எடுத்தார்கள். டிரிபிள் நெகட்டிவ் வகை, ஹார்மோன் மாத்திரை போன்றவற்றுக்கு மசியாதது. கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் தழும்பை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்தது. தொட்டால் சூடு. பக்கத்து வீட்டுப் பாட்டி அக்கி என்றார், காவி குழைத்து எழுதியும் விட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பூஞ்சை என்று சொல்லி ஆறு வாரம் களிம்பு தடவச் சொன்னார்கள். அதற்குள் ஓரத்தில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஏழெட்டு முடிச்சுகள் வந்துவிட்டன. அப்புறம்தான் பழைய ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். பயாப்ஸி எடுத்தார்கள். மார்பகப் புற்று தோலுக்குப் பரவியிருக்கிறது.

ரிப்போர்ட்டில் இரண்டு வரி எனக்குப் புரியவில்லை. தோலின் நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் அடைத்திருப்பதாக ஒரு வரி. லிம்போசைட்டுகள் மிகக் குறைவு என்று அடுத்த வரி. சிவப்பும் சூடும் இருந்தால் உடம்பு எதிர்த்துப் போராடுகிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். நானும் அம்மாவிடம் "உன் உடம்பு சண்டை போடுதும்மா" என்று தினமும் சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தேன். போராடும் செல்களே அங்கே இல்லை என்றால் இந்தச் சிவப்பு யார் செய்வது?

#2 நுண்ணோக்கி | மார்ச் 3, காலை 6:40

மகிழ்மலர், முப்பது வருடம் பயாப்ஸி சிலைடு பார்த்தவன் நான். உங்கள் அம்மாவின் சிலைடைப் பார்க்காமல் பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இந்த வகைப் பரவலில் சிவப்பைப் பெரும்பாலும் நோயெதிர்ப்புச் செல்கள் உண்டாக்குவதில்லை. தோலுக்குள் நூல் மாதிரி நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. புற்றுச் செல்கள் கொத்துக் கொத்தாக அதற்குள் புகுந்து அடைத்துக்கொள்கின்றன. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்தால் மேலே தண்ணீர் தேங்குகிறதே, அப்படித் தோலில் நீர் தேங்கி வீங்கும். ரத்தக் குழாய்கள் விரியும், சிவக்கும், சூடாகும். வெளியிலிருந்து பார்த்தால் கிருமித் தொற்று போலவே இருக்கும். அதனால்தான் பழைய டாக்டர்கள் இதற்கு 'அழற்சிப் புற்று' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் அழற்சி இருக்கிறது, சிலைடில் அழற்சிச் செல்களைத் தேட வேண்டியிருக்கும்.

சிலைடில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். மேல்தோல் பல நேரம் முழுசாக, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதற்குக் கீழே இளஞ்சிவப்பில் ஒரு வெறும் பட்டை. அதற்கும் கீழேதான் புற்றுச் செல்கள். நிணநீர்க் குழாய்க்குள் உருண்டையாகக் கட்டிக்கொண்டோ, கொலாஜன் நார்களுக்கு இடையில் எறும்புச் சாரை போல ஒன்றன்பின் ஒன்றாகவோ நிற்கும். லிம்போசைட் என்பது கடுகு போட்டது போலக் கருநீலமாக, சின்னதாக, உருண்டையாக இருக்கும். அந்தக் கடுகு எங்கே சிதறிக் கிடக்கிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். சில கட்டிகளில் புற்றுச் செல்களுக்கு நடுவிலேயே புகுந்திருக்கும். சிலவற்றில் கட்டியைச் சுற்றி வரப்பில் ஆள் நிற்பது போல ஓரத்திலேயே நின்றுவிடும். சிலவற்றில் கிட்டத்தட்ட யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் ரிப்போர்ட் சொல்வது கடைசி வகையை.

பாட்டியை ஒன்றும் சொல்லாதீர்கள். புற்று அக்கி போலவே பட்டையாகத் தோலில் பரவுவது உண்மையிலேயே உண்டு, அனுபவமுள்ள டாக்டர்களே ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் மார்பகப் புற்று வந்து போனவருக்குத் தழும்பு அருகில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எதுவும் இருந்தால் களிம்பு எழுதும் முன் ஒரு துளி தோல் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் எனக்கும் மனசு ஆறவில்லை. பெண்களுக்குத் தோலில் வந்து சேரும் புற்றுகளில் மார்பகத்திலிருந்து வருவதுதான் முதலிடத்தில் இருக்கிறது.

#3 மூலிகைப்பிரியன் | மார்ச் 3, காலை 9:05

சகோதரி, அம்மா குணமாக வேண்டிக்கொள்கிறேன். எதிர்ப்புச் செல் குறைவு என்று ரிப்போர்ட்டே சொல்லும்போது எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதுதானே வழி? சீந்தில் கஷாயம், நெல்லிக்காய், கருஞ்சீரகம் எல்லாம் கொடுக்கலாமே. என் மாமாவுக்குக் கொடுத்தோம், தெம்பாக இருந்தார்.

#4 நுண்ணோக்கி | மார்ச் 3, மதியம் 1:20

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. நெல்லிக்காய் சாப்பிடட்டும். கஷாயம் மட்டும் ஆங்காலஜிஸ்டிடம் சொல்லாமல் வேண்டாம். சீந்தில் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததை நம் நாட்டு டாக்டர்களே பதிவு செய்திருக்கிறார்கள், கீமோ ஓடும்போது கல்லீரல் நமக்கு ரொம்பத் தேவை.

'எதிர்ப்பு சக்தி' என்பதை ஒரு தொட்டித் தண்ணீர் மாதிரி, கூட்டலாம் குறைக்கலாம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். இந்த அம்மாவின் ரத்தத்தில் டி செல்கள், லிம்போசைட்டில் ஒரு வகை, தேவையான அளவு இருக்கலாம். சளி பிடித்தால் ஒழுங்காக வேலையும் செய்யும். இந்தக் குறிப்பிட்ட இடத்துக்குள் அவை ஏன் வரவில்லை, வந்தால் ஏன் சும்மா நிற்கின்றன என்பதுதான் விஷயம்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோல் என்பது காவல் நிறைந்த இடம். மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் இருக்கின்றன. 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது கண்டுபிடித்தார். கிளை கிளையாக இருந்ததால் நரம்புச் செல் என்றே நினைத்தார். இவையும் இவற்றின் உறவான டென்ட்ரிட்டிக் செல்களும் தோலில் அந்நியமான புரதத்தை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே டி செல்லுக்கு "இதுதான் ஆள்" என்று காட்டிக்கொடுக்கும். பார்த்துப் பழகிய டி செல் பெருகி, ரத்தம் வழியாகத் திரும்பி வந்து அந்த ஆளைக் கொல்ல வேண்டும். கொல்லும் வேலை சிடி8 என்ற வகையுடையது.

புற்று இந்த வழியில் பல இடத்தில் கை வைக்கிறது. கட்டிக்குள் வரும் மேக்ரோபேஜ்களை, அதாவது குப்பையை விழுங்கும் செல்களை, தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது, அவை புண்ணை ஆற்றும் வேலையைச் செய்து புற்றுக்கே ரத்தக் குழாய் கட்டிக்கொடுக்கின்றன. 'ஒழுங்குபடுத்தும்' டி செல்கள் என்று ஒரு கூட்டம், நம் உடம்பை நாமே தாக்காமல் தடுக்கப் பிறந்தவை, அவை வந்து சிடி8-ஐ அடக்குகின்றன. அதையும் தாண்டி சிடி8 உள்ளே வந்து இன்டர்பெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொட்டினால், அதைக் கண்டதும் புற்றுச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தை மேலே போர்த்திக்கொள்கிறது. அது டி செல்லின் பிடி-1 மேல் பட்டதும் டி செல்லுக்கு பிரேக். இந்த பிரேக்குகளைக் கண்டுபிடித்து, அவற்றை எடுத்துவிட்டால் புற்று கரையும் என்று காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது.

#5 ஆவூரான் | மார்ச் 3, இரவு 8:50

என் அப்பா கதையைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. விவசாயி. காலில் செருப்பே போடமாட்டார். வலது உள்ளங்காலில் ஒரு கறுப்பு. கருவேல முள் தைத்து உள்ளேயே ஒடிந்த இடம் என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிதாகி ரத்தம் வந்தபிறகு பார்த்தால் மெலனோமா, தோலின் நிறமிச் செல்லில் வரும் புற்று. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நம் நிறத்துக்காரர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், நகம் போன்ற இடத்தில்தான் அதிகம் வரும் என்று டாக்டர் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்த எட்டாவது மாதம் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கருமணி கோத்தது போல வரிசையாக முடிச்சுகள். நிணநீர்ப் பாதையிலேயே தோலில் இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஐயா சொன்ன பிடி-1 பிரேக்கை எடுக்கும் நிவோலுமாப் மருந்து போட்டார்கள். ஐந்தாவது மாதம் அப்பாவின் புறங்கையில் வெள்ளைத் திட்டு. அப்புறம் புருவம் ஒரு பக்கம் நரைத்தது. வீட்டில் அம்மா அழுதுவிட்டார். தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம், வெண்குஷ்டம் என்று ஊரில் பேசுவார்களே என்று பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் அப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பெரியவரே, இதை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். நிறமிச் செல்லில் இருக்கும் அதே புரதங்கள்தான் மெலனோமாவிலும் இருக்கின்றன, டி செல் விழித்துவிட்டது, அதற்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் நல்ல தோலின் நிறத்தையும் அழிக்கிறது என்றார். மெலனோமாவில் இப்படி வெள்ளை வருபவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்வது அதிகமாம்.

முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாயின. ஆனால் கறுப்பு மட்டும் போகவில்லை. நாங்கள் புற்று இன்னும் இருக்கிறது என்றே நினைத்தோம். இரண்டை வெட்டிப் பார்த்தார்கள், புற்றுச் செல் இல்லை என்று வந்தது. அது என்ன கறுப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

#6 நுண்ணோக்கி | மார்ச் 3, இரவு 9:30

ஆவூரான், அந்தக் கறுப்பு மேக்ரோபேஜ்கள். டி செல் கொன்றுபோட்ட மெலனோமாச் செல்களின் நிறமியை விழுங்கிய மேக்ரோபேஜ்கள் வயிறு நிறைய மையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. சிலைடில் பழுப்புக் கறுப்பாகக் குவியல் குவியலாகத் தெரியும். நிறமியை வெளுக்க வைத்துப் பார்த்தால்தான் உள்ளே புற்றுச் செல் ஒன்றும் இல்லை என்று உறுதியாகும். நான் பார்த்த சிலைடுகளில் மனசுக்கு நிறைவு தந்தவை இவைதான். போர் முடிந்த களம்.

அப்பாவுக்குக் கிடைத்த பலன் உள்ளங்கால் வகையில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, வெயிலால் வரும் வகையை விட இதில் மருந்துக்கு மசிபவர்கள் குறைவு என்பதையும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

#7 தாரணி_மெல்பேர்ண் | மார்ச் 4, காலை 5:10

வணக்கம். நான் இங்க மெல்பேர்ணில தோல் புற்றுநோய்ப் பிரிவில நேர்ஸா வேலை செய்யிறன். ஊர் யாழ்ப்பாணம். அவுஸ்திரேலியாவில மெலனோமா கூட, அதால இதுகளைத் தினமும் பாக்கிறன்.

மகிழ்மலர், தோலில வாறதில ஒரு விஷயம் இருக்கு. கல்லீரலுக்கயோ நுரையீரலுக்கயோ வந்தால் ஸ்கேனில தான் பாக்கலாம். தோலில வந்தால் மருந்து வேலை செய்யுதோ இல்லையோ எண்டு கண்ணால பாக்கலாம், தொட்டுப் பாக்கலாம், திரும்பத் திரும்பச் சின்னத் துண்டு எடுக்கலாம். டி செல்லைப் பற்றித் தெரிஞ்சதில கன விஷயம் இப்பிடித் தோலில பாத்துத் தெரிஞ்சது தான்.

மெலனோமா முடிச்சுகளுக்க நேரடியா வைரஸ் ஊசி போடுறது எண்டு ஒண்டு இருக்கு, டி-வெக் எண்டு சொல்லுவினம். உதட்டில கொப்புளம் போடுற ஹெர்ப்பீஸ் வைரஸைத் தான் மாத்தி எடுத்திருக்கினம். அது புற்றுச் செல்லுக்க பெருகி அதை உடைக்கும், உடைஞ்ச துண்டுகளை டென்ட்ரிட்டிக் செல் எடுத்துக்கொண்டு போய் டி செல்லுக்குக் காட்டும். 2015-ல அமெரிக்காவில அனுமதி குடுத்தவை. 436 பேரில செய்த ஆய்வில நிலைச்ச பலன் 16.3 சதவீதம் பேருக்கு, ஒப்பிடுறதுக்கு வேற மருந்து குடுத்த ஆக்களில 2.1. பெரிய எண்ணிக்கை இல்லைத் தான். டொக்டர் ஊசி போடேக்க நான் பக்கத்தில நிப்பன். ரெண்டு மூண்டு கிழமையில முடிச்சு சிவந்து வீங்கி, சிலருக்கு உடைஞ்சு கசியும். ஆக்கள் பயந்து போன் எடுப்பினம்.

நிவோலுமாப் மாதிரியான பிடி-1 மருந்திலயும் சிலருக்கு முதல் பெருத்து, பிறகு தான் வத்தும். டி செல் கூட்டமா உள்ள போறதால வாற வீக்கம். ஆனால் இது கொஞ்சப் பேருக்குத் தான். பெருத்தால் பெரும்பாலும் புற்று பெருத்தது தான், அதைச் சொல்லாமல் விட்டால் பிழை.

இஞ்ச மெல்பேர்ண் ஆக்கள் 2019-ல எலியில ஒண்டு காட்டினவை. தோலிலயே குடியிருக்கிற நினைவு டி செல்கள், ரத்தத்துக்குத் திரும்பாமல் மேல்தோலிலயே சுத்திக்கொண்டு திரியிறவை, மெலனோமாச் செல்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவிலயே அடக்கி வைச்சிருந்தவை. விசேஷ மைக்ரோஸ்கோப்பில உயிரோட இருக்கிற எலியின்ர தோலில அதைப் படமெடுத்தவை. அந்த டி செல்லை எடுத்துவிட்டால் கட்டி முளைச்சிட்டுது. அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு வேற யோசனையே இல்லை.

#8 ஆய்வுமாணவி | மார்ச் 4, மாலை 4:45

தாரணி அக்கா சொன்னதற்கு மனிதரில் ஒரு சம்பவம். ஸ்காட்லாந்தில் 1982-ல் மெலனோமா ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர், நோய் திரும்பாமலே இருந்து 16 வருடம் கழித்து இறந்தார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்குமே மெலனோமா வந்தது. கொடுத்தவரின் உடம்பில் 16 வருடம் அடங்கிக் கிடந்த செல்கள், எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவரின் உடம்புக்குள் போனதும் எழுந்துவிட்டன. 2003-ல் வெளிவந்தது.

நுண்ணோக்கி சாரிடம் ஒரு விஷயத்தில் மட்டும் உடன்படவில்லை. ரிப்போர்ட்டில் "லிம்போசைட் குறைவு" என்பதை வைத்து மகிழ்மலர் அம்மாவின் நோய் முழுவதும் அப்படித்தான் என்று தோன்றும்படி எழுதியிருக்கிறீர்கள். பஞ்ச் பயாப்ஸியில் எடுக்கும் தோல் துண்டு பொதுவாக 4 மில்லிமீட்டர் அகலம்தான். ஒரே ஆளின் தோலில் பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளிலேயே டி செல் எண்ணிக்கை வேறாக இருப்பதைப் பார்க்கிறோம். எண்ணிக்கை மட்டும் போதாது, அந்த டி செல் களைத்துப்போனதா, வேலை செய்யக்கூடியதா என்பதும் சாதாரணச் சாயத்தில் தெரியாது.

#9 நுண்ணோக்கி | மார்ச் 4, மாலை 6:15

சரியாகச் சொன்னாய் அம்மா. ஒப்புக்கொள்கிறேன். பரவிய இடங்களில் பொதுவாக முதல் கட்டியை விட லிம்போசைட் குறைவு என்பது உண்மை. அதை ஒரே துண்டை வைத்து ஒரு ஆளுக்குத் தீர்ப்பாகச் சொல்லக்கூடாது. சிவந்த தோலிலிருந்து எடுத்ததா, முடிச்சிலிருந்து எடுத்ததா என்பதையே நான் கேட்கவில்லை. மகிழ்மலர், எங்கிருந்து எடுத்தார்கள்?

#10 மகிழ்மலர் | மார்ச் 5, இரவு 11:30

சிவந்த இடத்திலிருந்து ஒன்றுதான் எடுத்தார்கள் ஐயா. முடிச்சில் எடுக்கவில்லை.

எல்லோர் பதிலையும் மூன்று தடவை படித்தேன். வைரஸ் ஊசி இங்கே கிடைக்காது என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். தோலில் தடவும் ஒரு களிம்பு, பிசிஜி ஊசி என்றெல்லாம் இணையத்தில் படித்தேன். அதெல்லாம் நிஜமா? இம்யூனோதெரபி போடலாமா என்று கேட்டால், "பிடி-எல்1 பார்க்கணும், செலவு ஆகும்" என்று மட்டும் சொன்னார். இன்னொன்று, நிவோலுமாபைக் குறைந்த அளவில் போட்டாலே போதும் என்று ஒரு உறவினர் சொல்கிறார்.

#11 நுண்ணோக்கி | மார்ச் 6, காலை 7:00

ஒவ்வொன்றாக.

பிசிஜி: நிஜம், ஆனால் பழைய கதை. டொனால்ட் மார்ட்டன் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் 1970-ல் மெலனோமாத் தோல் முடிச்சுகளுக்குள் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைப் போட்டார். ஊசி போட்ட முடிச்சுகள் கரைந்தன, சிலருக்கு ஊசி போடாத பக்கத்து முடிச்சும் கரைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு பெரிய ஆய்வுகளில் ஆயுள் நீளவில்லை என்று தெரிந்து கைவிட்டார்கள். இன்று பிசிஜி சிறுநீர்ப்பைப் புற்றுக்குத்தான் உதவுகிறது. கிண்டியில் 1948 முதல் இருக்கும் பிசிஜி ஆய்வகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு மார்ட்டன் நினைவு வரும்.

களிம்பு: இமிக்விமோட். மருவுக்குத் தடவுவது. தோலின் காவல் செல்களில் டிஎல்ஆர்-7 என்ற அலாரத்தைத் தட்டிவிடும். நியூயார்க்கில் மார்பகப் புற்று தோலுக்குப் பரவிய 10 பேருக்கு, வாரம் 5 நாள் வீதம் 8 வாரம் தடவிப் பார்த்தார்கள், முடிவு 2012-ல் வந்தது. 2 பேருக்குக் கட்டி ஓரளவு குறைந்தது. தடவிய இடத்தில் மட்டும் வேலை செய்யும். உங்கள் டாக்டர் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், மற்ற சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம்.

பிடி-எல்1: இதைத்தான் அவசரமாகச் செய்ய வேண்டும். டிரிபிள் நெகட்டிவ் பரவினால், பிடி-எல்1 எவ்வளவு என்று சொல்லும் சிபிஎஸ் என்ற கணக்கு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 மருந்தைச் சேர்ப்பதில் பலன் உண்டு. பெரிய ஆய்வில் அந்தக் குழுவின் நடு ஆயுட்காலம் 23 மாதம், கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 16.1 மாதம். சிபிஎஸ்ஸில் புற்றுச் செல்லை மட்டும் எண்ணமாட்டோம், சாயம் ஏறிய லிம்போசைட்டையும் மேக்ரோபேஜையும் சேர்த்து எண்ணுவோம். ஆகவே எந்த இடத்துத் துண்டு என்பது விடையையே மாற்றும். ஒரு முடிச்சிலிருந்து இன்னொரு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். சோதனையை 22சி3 என்ற ஆன்டிபாடியில் செய்யச் சொல்லுங்கள், அந்த மருந்துக்கு அளவுகோல் அதுதான்.

குறைந்த அளவு நிவோலுமாப்: மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர்கள் செய்தது. வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மாத்திரைகளோடு. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4-க்கு ஏறினார்கள். நம் நாட்டு ஏழைகளுக்காக யோசித்த வேலை, எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுக்குச் செய்தது. மார்பகத்துக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது. உறவினரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

#12 தாரணி_மெல்பேர்ண் | மார்ச் 6, மதியம் 12:20

மருந்து தொடங்க முதலே படம் எடுத்து வையுங்கோ தங்கச்சி. ஒரே ஜன்னல், ஒரே நேரம், பக்கத்தில ஒரு நாணயம். கிழமைக்கு ஒருக்கால் போதும், தினமும் எடுத்தால் மனம் கெட்டுப் போகும். மருந்து தொடங்கின பிறகு வயித்தோட்டம், புது இருமல், சரியான களைப்பு வந்தால் உடன சொல்லோணும். பிரேக்கை எடுத்துவிட்ட டி செல் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் கடிக்கும்.

#13 மகிழ்மலர் | மார்ச் 19, இரவு 9:10

முடிச்சிலிருந்து துண்டு எடுத்தார்கள். ஐயா சொன்னபடி கேட்டேன், டாக்டர் முதலில் யோசித்தார், பிறகு சரி என்றார். சிபிஎஸ் 20. முடிச்சைச் சுற்றி லிம்போசைட்டுகள் இருக்கின்றன, சில உள்ளேயும் போயிருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். சிவந்த தோலில் இல்லாத ஆட்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். பணத்துக்கு மாமா பாதி தருகிறார், மீதிக்கு மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்தில் எழுதிப் போட்டிருக்கிறோம். வரும் வியாழக்கிழமை முதல் ஊசி.

அம்மாவிடம் எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொன்னேன். நான் முன்னே சொன்னதைத் திருத்தி, சிவப்பு என்பது சண்டை இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ அந்த முடிச்சுலதான் நம்ம ஆளுங்க நிக்கிறாங்களா?" என்று கேட்டு, அதுவரை தொடவே பயந்துகொண்டிருந்த அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். இன்று காலை எட்டரைக்கு, கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில், ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து முதல் படம் எடுத்தோம்.